9 லட்சமா, 1 கோடியா? காலேஜ் 'கார்னர்' வீரரை புரோ கபடி அணிகள் எடைபோடுவது எப்படி?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி... தர்மபுரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி உண்டு. சுண்ணாம்புக் கோடு போட்ட மண் களம், மைக்செட் கமென்ட்ரி, விடிய விடிய ஆட்டம். பாடிப் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருபவருக்குத்தான் விசில். ஓரத்தில் குனிந்து நின்று, வருகிறவர் காலைக் கவ்வுகிற பையனைப் பெரும்பாலும் யாரும் வீடியோகூட எடுப்பதில்லை.

ஆனால் புரோ கபடி லீக்கில் (பி.கே.எல்) பணம் போகும் இடங்களில் ஒன்று அந்த ஓரம்தான். 2025 மே 31, ஜூன் 1 தேதிகளில் மும்பையில் நடந்த 12-வது சீசன் ஏலத்தில் 10 வீரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். அதில் மூன்று பேர் கார்னரில் நிற்பவர்கள். ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயியை குஜராத் ஜெயன்ட்ஸ் 2.23 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் மிக அதிக விலை அதுதான். அங்கித் ஜக்லான் பாட்னா பைரேட்ஸுக்கு 1.573 கோடி, யோகேஷ் தஹியா பெங்களூரு புல்ஸுக்கு 1.125 கோடி.

இதே ஏலத்தில் கடைசிப் பிரிவான 'டி' பிரிவு வீரரின் அடிப்படை விலை 9 லட்சம். அந்த 9 லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரியிலோ, சேலத்தில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரியிலோ படித்துக்கொண்டே கார்னரில் ஆடும் ஒரு பையனை, ஒரு பி.கே.எல் அணி எதை வைத்து 'தேறுவான்', 'தேறமாட்டான்' என்று முடிவு செய்யும்?

முதல்ல, கார்னர்னா யாரு?

கபடியில் தடுக்கும் அணியில் ஏழு பேர் நிற்பார்கள். இடது, வலது ஓரங்களில் நிற்பவர்கள் கார்னர். அவர்களுக்கு அடுத்து 'இன்', அதற்கடுத்து 'கவர்', நடுவில் சென்டர். கவர்கள் முட்டித் தள்ளுவார்கள், வழியை மறிப்பார்கள். கார்னரின் வேலை வேறு: பாடி வருபவரின் கணுக்காலையோ தொடையையோ பிடித்து நிறுத்துவது. மற்றவர்கள் வந்து விழும்வரை ஓரிரு விநாடி அவர் தனியாகத் தாங்க வேண்டும்.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்குப் பாதி, அதாவது 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே மிச்சம் 1.75 மீட்டர். கார்னரின் வாழ்க்கை பெரும்பாலும் அந்த 1.75 மீட்டருக்குள்தான். முன்னே போனால் கை தொட்டுவிடும், பின்னே போனால் கோட்டைத் தாண்டி அவுட், பக்கவாட்டில் லாபி. யாரையும் தொடாமல் தடுப்பவர் லாபிக்குள் கால் வைத்தால் அவரும் அவுட். ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருந்தால் ரைடருக்கு போனஸ் கோடும் திறந்திருக்கும். போனஸுக்கு அவர் காலை நீட்டும் அந்த நொடிதான் கார்னருக்கான வாய்ப்பு. அதே நொடிதான் அவருக்கு விரிக்கப்படும் வலையும்.

அமெரிக்காவில் இதுக்கே ஒரு தொழில் இருக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலில் இதற்கு ரொம்ப நெருக்கமான ஓர் இடம் உண்டு: அவுட்சைடு லைன்பேக்கர். அவரும் தடுப்பு அணியின் ஓரத்தில் நிற்பவர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே மடக்கிவிட்டால் அது 'சாக்'. 32 அணிகள் ஏழு சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல் டிராஃப்ட் 1936 முதல் நடக்கிறது. அதற்கு முன்னால் இண்டியானாபோலிஸில் ஒரு பெரிய உடல்திறன் சோதனை. 40 கஜ ஓட்டம், எடை தூக்குதல், தாவுதல், கையின் நீளம் வரை எல்லாவற்றையும் அளப்பார்கள்.

இவ்வளவு அளந்தும் சறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். 2008-ல் வெர்னன் கோல்ஸ்டனின் உடல்திறன் எண்களைப் பார்த்து எல்லோருக்கும் கண் விரிந்தது. நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவது ஆளாக எடுத்தது. மூன்று சீசன் ஆடினார். ஒரு சாக்கூட இல்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்பு டெரல் சக்ஸ் என்ற அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக வீரர், கல்லூரி ஆட்டத்தில் ஒரே சீசனில் 24 சாக் எடுத்திருந்தவர், 40 கஜ ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. 'மெதுவான ஆள்' என்று பேச்சு கிளம்பி 10-வது இடத்துக்கு இறங்கினார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 139 சாக். ஜேம்ஸ் ஹாரிசனை 2002 டிராஃப்டில் 32 அணிகளில் ஒன்றுகூடத் தொடவில்லை. 2008-ல் லீக்கின் சிறந்த தடுப்பு வீரர் விருது அவருக்கு.

அங்கே நேர்ந்த தப்பு எளிமையானது: ஸ்டாப்வாட்ச் சொன்னதை, ஆட்டத்தின் வீடியோ சொன்னதைவிட அதிகமாக நம்பினார்கள். கபடியில் இப்போது நிலைமை தலைகீழ். அளக்கவும் ஆள் குறைவு, பார்க்க வீடியோவும் குறைவு.

பாயின்ட் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவாங்க

கார்னர் வீரரைப் பற்றி யாராவது பேசினால் முதலில் வருவது டேக்கிள் பாயின்ட். 2018-ல் ஆறாவது சீசனில் உ.பி. யோத்தாவின் நிதேஷ் குமார், ஒரே சீசனில் 100 டேக்கிள் பாயின்ட் எடுத்த முதல் வீரர் ஆனார். எட்டாவது சீசனில் ஷாட்லூயி 89, தமிழ் தலைவாஸின் சாகர் 82. பெரிய எண்கள்தான். ஆனால் ஒரு கல்லூரிப் பையனின் மொத்த பாயின்ட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' என்ற பையன் 40 முறை பிடிக்கப் போய் 24 முறை பிடித்தான். 'ஆ' 60 முறை போய் 27 முறை பிடித்தான். சதவீதத்தில் 'அ' 60, 'ஆ' 45. ஆனால் 'ஆ'வின் அணி பலவீனமானது. அடிக்கடி மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நின்றார்கள். அப்படி இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். 'ஆ'வுக்கு அப்படி 6 கிடைத்தது என்றால் மொத்தம் 33 பாயின்ட். 'அ'வுக்கு ஒன்றே ஒன்று, மொத்தம் 25. பட்டியலில் 'ஆ' மேலே இருப்பான்.

இப்போது மறுபக்கம். பிடி தவறும் ஒவ்வொரு முறையும் எதிரணிக்குக் குறைந்தது ஒரு பாயின்ட், பிடிக்கப் போனவரும் வெளியே. 'அ' கொடுத்தது 16. 'ஆ' கொடுத்தது 33. கழித்துப் பார்த்தால் 'அ' தன் அணிக்கு 9 பாயின்ட் லாபம் சேர்த்திருக்கிறான், 'ஆ' பூஜ்ஜியம். போதாததற்கு 'ஆ' 33 முறை பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறான். கார்னர் வெளியே இருக்கும் நேரத்தில் அந்த ஓரத்தில் தற்காலிகமாக யாரையாவது நிறுத்த வேண்டும். ரைடர்கள் அந்தப் பக்கமாகவே வருவார்கள்.

இன்னொரு விஷயம் எந்த ஸ்கோர்ஷீட்டிலும் வராது. நல்ல கார்னர் இருக்கும் பக்கம் ரைடர் ஆழமாக நுழையவே தயங்குவார். 30 விநாடி சும்மா பாடிவிட்டுத் திரும்புவார். அப்படி இரண்டு வெறும் ரைடு போனால் மூன்றாவது 'டு ஆர் டை': பாயின்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். அந்த மூன்றாவது ரைடில் வேறு யாராவது பிடித்திருப்பார்கள், பெயர் அவருக்குப் போகும். முதல் இரண்டு ரைடையும் வெறுமையாக்கிய கார்னருக்குப் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் சாக் ஆகாவிட்டாலும் குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்திய ஒவ்வொரு முறையையும் 'பிரஷர்' என்று தனியாக எண்ணுகிறார்கள். நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் அப்படி ஒரு பத்தியே இல்லை. நேரில் உட்கார்ந்து பார்க்கிற பயிற்சியாளரின் கண்தான் அந்தப் பத்தி.

அந்தக் கண் எதைத் தேடும்?

பொறுமையை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இளம் கார்னர்களின் பெரிய வியாதி 'அட்வான்ஸ் டேக்கிள்', அதாவது ரைடர் வலையில் விழுவதற்கு முன்பே பாய்ந்துவிடுவது. ஊர்ப் போட்டியில் கூட்டம் கத்தும்போது பாயாமல் நிற்பது கஷ்டம். பெரிய ரைடர்கள் இதைத் தெரிந்துகொண்டே காலைக் கொஞ்சம் நீட்டி ஆசை காட்டுவார்கள்.

அடுத்தது பிடியின் தரம். கணுக்காலை ஒரு கையால் பிடிக்கிறாரா, இரண்டு கையாலும் பூட்டுகிறாரா? பிடித்தபின் தன் எடையை எந்தப் பக்கம் சாய்க்கிறார்? ரைடர் துள்ளி நடுக்கோட்டை நோக்கி இழுக்கும்போது எவ்வளவு தூரம் இழுபடுகிறார்? 3.75 மீட்டர் தூரத்தை ஒரு பலமான ரைடர் ஒரே உந்தலில் கடந்துவிடுவார்.

மூன்றாவது, பக்கத்தில் நிற்பவரோடு உள்ள ஒத்திசைவு. கார்னர் காலைப் பிடிக்கும்போதே கவர் வந்து முட்ட வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் ரைடர் இரண்டு பேரையும் அவுட் ஆக்கிவிட்டுப் போவார். ஆகவே ஒரு பையனின் பிடி தவறுவதைப் பார்க்கும்போது அது அவன் தவறா, கவர் வராத தவறா என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி அணிகளில் இந்தப் பிரச்சினை அதிகம். பாடத்திட்டம், அரியர்ஸ், பார்ட் டைம் வேலை எனப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்புதான் ஏழு பேர் ஒன்றாகச் சேர்கிறார்கள்.

வேகத்தையும் அளக்கிறார்கள், உடம்பையும் பார்க்கிறார்கள். தோள், விரல், முழங்கால் பழைய காயங்கள் பற்றிய விசாரணை உண்டு. காயம் எவ்வளவு பெரிய தொகையையும் விழுங்கும் என்பது தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும். 2022-ல் 2.26 கோடி கொடுத்து வாங்கிய ரைடர் பவன் ஷெராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார்.

மண்ணில் புலி, மேட்டில்?

தர்மபுரிப் பையன்களுக்கு இதுதான் நிஜமான தடை. பி.கே.எல் முழுக்க மேட்டில் நடக்கிறது. ஊர்ப் போட்டிகள் மண்ணில். மண்ணில் வெறுங்கால், ரைடர் திரும்பும்போது கால் கொஞ்சம் வழுக்கும், கார்னருக்குக் கூடுதலாக ஒரு கணம் கிடைக்கும். மேட்டில் ஷூவின் பிடிமானம் அந்தக் கணத்தைத் தின்றுவிடுகிறது. ரைடர் நின்ற இடத்தில் சட்டென்று திரும்புவார். மண்ணில் தரையோடு சறுக்கிக் காலைப் பிடித்துப் பழகியவர், மேட்டில் அதே மாதிரி பாய்ந்தால் முழங்கையும் முட்டியும் உரசும். தூரக் கணக்கும் தப்பும்.

எடை இன்னொரு பிரச்சினை. ஊர்ப் போட்டிகள் பல எடைப் பிரிவு வைத்து நடப்பவை. குறைந்த எடைப் பிரிவுக்காகவே உடம்பை ஒட்ட வைத்திருக்கும் பையன், 80 கிலோவுக்கு மேல் இருக்கும் ரைடரின் தொடையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றால் என்ன ஆகும்? இதற்குப் பதில் உடற்பயிற்சிக் கூடத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறது. இரண்டுக்கும் காசு வேண்டும்.

மேட்டில் ஆட முடியாதா என்ற கேள்விக்கு வீரர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் தடுப்பாட்டக்காரர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். நாற்பது வயதைத் தாண்டியும் லீக்கில் ஆடினார். இப்போது முப்பதைக் கடந்த ஈரானின் இடது கார்னர் ஃபசல் அத்ராசலி, லீக் வரலாற்றிலேயே அதிக டேக்கிள் பாயின்ட் எடுத்தவர். 2025-ல் டபாங் டெல்லி கோப்பையைத் தூக்கியபோதும் களத்தில் இருந்தார். ரைடரின் வேகம் வயதோடு குறையும். கார்னரின் கணிப்பு கூடிக்கொண்டே போகும். அணிகள் ஒரு 20 வயது கார்னரில் பணம் போட யோசிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் தமிழ் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போன ஒன்பதாவது சீசனில் இரண்டு ஓரங்களையும் காத்தவர்கள் சாகரும் சாஹில் குலியாவும். இருவரும் வடக்கே இருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் கபடி ஆடாத ஊர் இல்லை என்று பெருமை பேசும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கல்லூரியிலிருந்து ஏலத்துக்கு: ரூட் எது?

கதவுகள் சில இருக்கின்றன. தர்மபுரி மாவட்டக் கல்லூரிகள் பலவும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கவனம் பெற்றால் பல்கலைக்கழக அணி. அங்கிருந்து தென் மண்டலம், அதைத் தாண்டினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி, அதற்கு மேல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. கடைசிப் படி முக்கியம். கேலோ இந்தியா பல்கலைக்கழகக் கபடியில் இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளின் 24 வீரர்களையும் பி.கே.எல் சமீப சீசன்களில் தன் ஏலப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் கல்லூரி-டிராஃப்ட் பாதைக்கு இந்தியாவில் இதைவிடப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த 24 பேரில் ஒருவராக வருவதற்கு, தனி ஒருவர் நன்றாக ஆடினால் போதாது. பல்கலைக்கழக அணியே நாட்டின் முதல் இரண்டில் வர வேண்டும். நல்ல கார்னர், சுமாரான அணி என்றால் அந்தக் கதவு மூடித்தான் இருக்கும்.

இன்னொரு கதவு, 'நியூ யங் பிளேயர்' திட்டம். ஏலத்துக்கு வெளியே அணிகள் இளம் வீரர்களை நேரடியாகத் தேர்வு செய்து ஒப்பந்தம் போடலாம். இன்றைய கோடீஸ்வர கார்னரான யோகேஷ் தஹியா, 2023-24-ல் நடந்த பத்தாவது சீசனில் டபாங் டெல்லிக்குப் புதுமுகமாக ஆடி, அந்த சீசனின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கியவர். 2022-ல் தொடங்கிய யுவா கபடி சீரிஸ் போன்ற இளைஞர் போட்டிகளையும் அணிகள் கவனிக்கின்றன. அவற்றில் ஆடினால் ஒரு லாபம், மேட்டில் ஆடிய முழு வீடியோ கையில் இருக்கும்.

வீடியோவின் மதிப்பைப் புரிந்துகொள்ள பக்கத்து மாவட்டத்தைப் பார்த்தால் போதும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி.நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2016-ல் டி.என்.பி.எல் தொடங்கி, அவரது சூப்பர் ஓவர் டி.வி.யில் ஓடியது. அடுத்த ஆண்டு ஐ.பி.எல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். யார்க்கர் அதற்கு முன்பும் இருந்தது. அதை எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் பார்த்தது அப்போதுதான். கபடிக்குத் தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பார்வை கிடைக்கும் மாநில லீக் இன்னும் அமையவில்லை.

சின்ன வயதிலேயே கவனிக்கப்பட்டால் கதை வேறு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் தங்கம் வென்றபோது, அந்த அணிகளில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸும் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகாவும் இருந்தார்கள். தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. வடுவூருக்குப் பல தலைமுறைக் கபடிப் பாரம்பரியம் இருக்கிறது.

இதுல என்ன ரிஸ்க்?

தர்மபுரியில் டிகிரி முடித்த பையனுக்கு ஓசூரோ பெங்களூரோ சில மணி நேரப் பயணம். கம்பெனி வேலை, மாதச் சம்பளம். கபடிக்காக இரண்டு வருஷம் அதைத் தள்ளிப் போடுவதென்றால் வீட்டில் யாராவது அந்தச் சம்பளம் இல்லாமல் சமாளிக்க வேண்டும். ஏலப் பட்டியலில் 500 பேருக்கு மேல் இருப்பார்கள். அணிகள் 12, ஒவ்வொன்றுக்கும் செலவு வரம்பு 5 கோடி. அதில் இரண்டு கோடியை ஒருவருக்கே கொடுத்துவிட்டால் மீதிப் பேருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது சுலபமான கணக்கு. பட்டியலில் பெயர் வந்தும் கை தூக்க ஆளில்லாமல் போகிறவர்கள்தான் பெரும்பான்மை.

அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பி.கே.எல்-ஐ மட்டும் இலக்காக வைக்கச் சொல்வதில்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை அணிகளும் ஆள் எடுக்கின்றன. அங்கே செல்லுபடியாவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ். ஊர்ப் போட்டியில் வாங்கிய குத்துவிளக்கும் சுழற்கோப்பையும் வீட்டு ஷோகேஸுக்கு மட்டும்தான். ஒரே வாரத்தில் மண்டலப் போட்டியும், பரிசுத்தொகை உள்ள ஊர்ப் போட்டியும் வந்தால் எதற்குப் போவது என்பதில் பல பையன்கள் தடுமாறுகிறார்கள். கையில் வரும் காசு ஊர்ப் போட்டியில்தான் இருக்கிறது என்பதால் அந்தத் தடுமாற்றத்தைக் குறை சொல்லவும் முடியாது.

அணிகளுக்கு அனுப்பும் வீடியோவிலும் இதே மாதிரி ஒரு தடுமாற்றம் உண்டு. பெரும்பாலானோர் சிறந்த பத்துப் பிடிகளை வெட்டி ஒட்டி, பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டு அனுப்புகிறார்கள். ரீல்ஸுக்கு அது சரி. தேர்வாளருக்கு அதில் பிடி மட்டும் தெரியும். எத்தனை முறை தவறியது, ரைடர் அந்தப் பக்கம் வரத் தயங்கினாரா, கவர் எப்போது வந்தார் எதுவும் தெரியாது. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் போனை நிறுத்தி, வெறும் ரைடுகளும் தவறிய பிடிகளும் சேர்ந்த முழு ஆட்டத்தை வெட்டாமல் எடுத்தால் ஏழு பேரின் நிலையும் தெரியும். அதுவும் மேட்டில் ஆடிய ஆட்டமாக இருந்தால், 40 நிமிட வீடியோவில் 'அ' யார், 'ஆ' யார் என்று தேர்வாளரே எண்ணிக்கொள்வார்.